சர்க்கரை நோயும் நீண்ட பட்டினியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரமலான் நெருங்கும்போதும், ஐப்பசியில் கந்த சஷ்டி வரும்போதும், "மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்தால் சுகர் போய்விடும்" என்று யாராவது ஒரு காணொளியை அனுப்பும்போதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களை மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல் வகை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கே வேறு. அவர்கள் இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

சுகர் இருப்பவர் பட்டினி இருக்கலாமா, கூடாதா?

எத்தனை மணி நேரம் என்பதைவிட, நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொண்டு, சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருக்கும் ஒருவர் ஒரு நாள் உண்ணாமல் இருந்தால் பெரும்பாலும் பசியைத் தவிர வேறு தொல்லை வராது. அதே ஒரு நாளை, க்ளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போல விழுங்கிவிட்டுக் கழித்தால் மதியத்துக்குள் மயங்கி விழலாம். மூன்று வேளைச் சாப்பாட்டை நம்பி எழுதிக் கொடுத்த மருந்து அது. சாப்பாடு வரவில்லை என்று அதற்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதுதான்: பட்டினியின் முதல் நாளுக்கு முன்பே மருந்தைச் சரி செய்யுங்கள்.

எத்தனை மணி நேரம் போனால் அது 'நீண்ட' பட்டினி?

இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு, காலை 8 மணிக்கு இட்லி சாப்பிடுகிறவர் தினமும் 12 மணி நேரம் பட்டினிதான் இருக்கிறார். ரமலானில் நம் ஊரில் 13 மணி நேரம், அதற்குக் கொஞ்சம் மேலே. தசமி இரவு சாப்பிட்டு, ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்து, துவாதசி காலையில் பாரணை செய்பவருக்கு ஏறக்குறைய 36 மணி நேரம். கந்த சஷ்டியைத் தண்ணீரில் மட்டும் இருப்பவருக்கு ஆறு நாள்.

உடலுக்குள் முக்கியமான எல்லை ஒரு நாள் அளவில் வருகிறது. கல்லீரல் சுமார் 100 கிராம் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. அது தீர ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு உடல் கொழுப்பையும் தசையையும் நம்பித்தான் ஓடுகிறது. அதனால் ஒரு நாளைத் தாண்டும் எதையும் நான் நீண்ட பட்டினி என்றே சொல்வேன். இரண்டு நாளைத் தாண்டினால் மருத்துவர் கூட இருந்தே ஆக வேண்டும்.

ஒன்றுமே சாப்பிடவில்லை. ஆனாலும் காலையில் 180 காட்டுகிறது. எங்கிருந்து வருகிறது இந்தச் சர்க்கரை?

உங்கள் கல்லீரலிலிருந்து. இதைக் கேட்டதும் பலர் நம்ப மறுக்கிறார்கள். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவது விரலில் குத்துகிறார்கள்.

மூளைக்கு எந்நேரமும் எரிபொருள் வேண்டும். வெளியிலிருந்து வரவில்லை என்றால் கல்லீரல் சேமிப்பை உடைத்து ரத்தத்தில் விடுகிறது. சேமிப்பு குறையக் குறைய, தசையிலிருந்து வரும் அமினோ அமிலங்களையும் கொழுப்பு உடையும்போது வரும் கிளிசராலையும் வைத்துப் புதிதாகவே சர்க்கரை செய்கிறது. ஆரோக்கியமான உடலில் "போதும், நிறுத்து" என்று சொல்வது இன்சுலின். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கல்லீரல் அந்தச் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் தேவைக்கு மேல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது.

விடியற்காலையில் இது இன்னும் கூடும். கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் இரண்டும் அந்த நேரத்தில் ஏறி, உடலை எழுப்பத் தயார் செய்கின்றன. இரவு 11 மணிக்கு 140 இருந்தவருக்குக் காலை 6 மணிக்கு 170 வருவது இதனால்தான். தூக்கம் கெட்டாலும், வலி இருந்தாலும், கோயில் வரிசையில் வெயிலில் நின்றாலும் இதேபோல் ஏறலாம்.

எனவே பட்டினி இருந்தும் சுகர் ஏறியது என்றால் நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று அர்த்தமில்லை. வீட்டில் யாராவது "திருட்டுத்தனமாகச் சாப்பிட்டிருப்பார்" என்று சொன்னால் தயவுசெய்து இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வீட்டு மீட்டரின் சர்வதேசத் தர அளவுகோலே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்ட இடம் தருகிறது. 180-க்கும் 165-க்கும் நடுவே பொருள் தேட வேண்டாம்.

என் மாத்திரைகளில் எது ஆபத்து?

முதலில் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். நம் நாட்டில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது மிகச் சாதாரணம். "நான் மெட்ஃபார்மின் மட்டும்தான் போடுகிறேன்" என்று உறுதியாகச் சொல்பவரின் அட்டையில் க்ளிமிபிரைடும் வாக்ளிபோஸும் சேர்ந்தே இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஓரிரு எழுத்துகளில்தான் அந்த வேறுபாடு ஒளிந்திருக்கும்.

பட்டினியில் அதிகம் பயப்பட வேண்டியவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைகள்: க்ளிமிபிரைடு, க்ளிக்ளசைடு, க்ளிபென்க்ளமைடு. சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இவை வேலை செய்யும். மூன்றில் க்ளிபென்க்ளமைடு மிக மோசம். பழைய மருந்து, விலை குறைவு, இன்றும் சீட்டுகளில் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடலை விட்டுப் போகவே நேரம் எடுக்கும். அதனால் குளுக்கோஸ் கொடுத்துத் தெளிந்தவருக்குச் சில மணி நேரத்தில் மறுபடியும் சுகர் இறங்கும். அப்படிப்பட்டவரை ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சுகரை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தண்ணீர் வற்றிப்போதல், சிறுநீரகப் பழுது ஆகியவற்றோடு சேர்ந்தால் அதையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின் வகையும் தனியாக இருந்தால் அவ்வளவு பயமில்லை.

அடுத்து, பேர் 'ஃப்ளோசின்' என்று முடியும் மருந்துகள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் அருமையான மருந்துகள், அதில் சந்தேகமே இல்லை. காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. ஆனால் நீண்ட பட்டினியோடு இவை சேர்ந்தால் வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. அதற்கு அடுத்த கேள்வியைத் தனியாக ஒதுக்கியிருக்கிறேன்.

சர்க்கரை மாத்திரைகளோடு முடியவில்லை. ரத்த அழுத்த மாத்திரை, அதிலும் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை போடுபவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் எழுந்து நிற்கும்போதே தலை சுற்றி விழுவார். மெட்டாப்ரொலால், அட்டெனலால் போன்றவற்றைப் போடுபவர்களுக்குச் சுகர் இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகலாம். வியர்வை மட்டும் வரும். வீட்டில் உள்ளவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மீட்டரில் 160 தான். ஆனாலும் மருத்துவமனைக்கு ஓடச் சொல்கிறார்களே, ஏன்?

ஃப்ளோசின் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி இருப்பவருக்கு ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். இதைக் கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். வழக்கமாக இது வரும்போது சுகர் 300, 400 என்று எகிறியிருக்கும். இந்த மாத்திரை எடுப்பவருக்கோ சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டே இருப்பதால் மீட்டர் 250-க்குக் கீழே, நல்ல பிள்ளை போலக் காட்டும். உள்ளே இன்சுலின் குறைந்து, கொழுப்பு கட்டுப்பாடில்லாமல் எரிந்து, கீட்டோன் குவிந்துகொண்டிருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2015-லேயே எச்சரித்தது. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். மாத்திரையை இன்று நிறுத்தினால் இன்றே அதன் வேலை நின்றுவிடாது. ஆகவே ஏகாதசி அன்று காலையில் மட்டும் அதைத் தவிர்ப்பது போதாது.

குமட்டல், வாந்தி, வயிற்று வலி, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவது, சொல்ல முடியாத அசதி. பட்டினியால் வரும் சோர்வு என்று இவற்றை ஒதுக்கிவிடுவது மிக எளிது. ஃப்ளோசின் எடுப்பவர் ஒதுக்கவே கூடாது. மருத்துவமனையில் நுழைந்ததும் மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் பார்ப்பது சிறுநீரில் பார்ப்பதைவிட நம்பகமானது. ரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருப்பது சாதாரணம், 3-ஐத் தாண்டினால் அவசரம்.

இன்சுலின் போடுபவர்கள் என்ன செய்வது?

ஊசியைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது, வழக்கமான அளவையே போடவும் கூடாது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கணையத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். சாப்பிடாத நாளிலும் கல்லீரலை அடக்கக் கொஞ்சம் இன்சுலின் தேவை. நம் ஊரில் அதிகம் பேர் போடுவது காலை, இரவு என்று இரண்டு வேளைக் கலப்பு இன்சுலின், அந்த 30/70. சாப்பாட்டுக்கான பங்கும் அடிப்படைப் பங்கும் அதில் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதால் பட்டினிக்கு அது மிகச் சிரமமான இன்சுலின். ஒரு நாளைத் தாண்டிய விரதத்தை இவர்கள் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நண்பர் இரண்டு நாள் பட்டினியில் 62 காட்டியும் தெம்பாக இருக்கிறார். எனக்கு 65 வந்தாலே பயமுறுத்துகிறீர்களே?

நல்ல கேள்வி. எண் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு.

மருந்து எதுவும் எடுக்காதவர் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் அவர் உடலில் இன்சுலின் மிகவும் இறங்கிவிடும். அது இறங்கினால்தான் கொழுப்பு உடைந்து கீட்டோன் உண்டாகும். மூளை மெல்ல மெல்ல அந்தக் கீட்டோனுக்குப் பழகிக்கொள்ளும். 1967-ல் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹிலின் குழு, வாரக்கணக்கில் பட்டினி இருந்த பருமனான தன்னார்வலர்களை ஆராய்ந்து, மூளை தனக்கு வேண்டிய எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கீட்டோன் போன்ற பொருள்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று காட்டியது. நண்பரின் 62-க்குப் பின்னால் அந்த மாற்று எரிபொருள் கொஞ்சமாவது தயாராக இருக்கிறது.

க்ளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்த உங்கள் உடலில் இன்சுலின் உயர்ந்தே இருக்கும். உயர்ந்த இன்சுலின் சர்க்கரையை இறக்குவதோடு கீட்டோன் உண்டாவதையும் தடுக்கும். மூளைக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அதனால் உங்களுக்கு 65 என்பது உடனே செயல்பட வேண்டிய எண். 54-க்குக் கீழே போனால் பேச்சு குழறும், ஆளே மாறியது போல நடந்துகொள்வார், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் மற்றவர் உயிருக்கும் ஆபத்து.

சுகர் இறங்கினால் என்ன கொடுக்க வேண்டும்?

70-க்குக் கீழே என்றால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ சாதமோ சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வாக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவருக்கு வீட்டுச் சர்க்கரை கலந்த தண்ணீர் சரிவராது. அந்த மருந்து சர்க்கரையைக் குடலில் உடையவிடாமல் தடுக்கும். குளுக்கோஸ்தான் வேண்டும். இதனால்தான் ஒரு டப்பா குளுக்கோஸ் பவுடர் வீட்டில் எப்போதும் இருக்கட்டும் என்று வற்புறுத்துகிறேன்.

மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரமலான் நோன்பு வைக்க விரும்புகிறேன். எப்போது தயாராக வேண்டும்?

ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னால். பிறை பார்த்த பிறகு மருத்துவரிடம் போனால் மருந்தை மாற்றிச் சரிபார்க்க நேரமே இருக்காது.

2001-ல் 13 நாடுகளில் 12,000-க்கு மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை உள்ளவர்களுக்கு ரமலான் மாதத்தில் மருத்துவமனைக்குப் போகுமளவு சுகர் இறங்குவது மற்ற மாதங்களைவிட 7.5 மடங்கு அதிகமாக இருந்தது. மருந்தளவைச் சரி செய்யாமல் நோன்பு பிடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மருத்துவ உலகம் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தது. இன்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டுதல் இருக்கிறது. அதில் ஒவ்வொருவரின் வயது, மருந்து, சிறுநீரகம், வேலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, யார் வைக்கலாம், யார் வேண்டாம் என்று பிரிக்கிறார்கள்.

பொதுவான போக்கு இதுதான். பகலில் வேலை செய்யும் மருந்தை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவார்கள். ஒரு வேளை க்ளிமிபிரைடு என்றால் அது மாலைக்குப் போகும். இரண்டு வேளை இன்சுலின் என்றால் சஹர் நேர (விடியலுக்கு முன் சாப்பிடும் நேர) அளவு கால்வாசியோ பாதியோ குறையலாம். மூன்று வேளை மெட்ஃபார்மினில் மதிய வேளை மாலையோடு சேரும். எவ்வளவு, எது என்பதை உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும்.

சஹரைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். தூக்கம் பெரிதென்று இரவு 11 மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிட்டால் 13 மணி நேர நோன்பு 19 மணி நேரமாகிவிடும். மாலையில் நோன்பு கஞ்சி குடிக்கலாம். ஆனால் அது அரிசிதான், வெந்தயமும் பாசிப்பருப்பும் சேர்ந்திருந்தாலும் அரிசிதான். ஒரு பேரீச்சம்பழம், ஒரு கோப்பைக் கஞ்சி, அதோடு நிறுத்தி, தொழுகைக்குப் பின் கறியோ மீனோ முட்டையோ காய்கறியோடு சாப்பிடுங்கள். கஞ்சியும் சமோசாவும் ரோஸ்மில்க்கும் ஒரே அமர்வில் போனால் இரவு முழுவதும் 300 நிற்கும். பகலில் 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விடச் சொல்கிறது அதே வழிகாட்டுதல்.

விரலில் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு முறியுமா?

முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. நோன்பு நாளில் பலமுறை பாருங்கள், முக்கியமாக மதியத்துக்கு மேல்.

கந்த சஷ்டிக்கு ஆறு நாளும், ஏகாதசிக்கு ஒரு நாளும் இருந்து பழக்கம். சர்க்கரை வந்த பிறகும் தொடரலாமா?

ஏகாதசி ஒரு நாள் என்பதால், சுகரைச் சட்டென்று இறக்கும் க்ளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுக்காதவர்கள் மருத்துவர் ஒப்புதலோடு தொடர முடியும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இரவு கண் விழிப்பதால் காலை அளவு கூடுதலாக வரலாம், பதற வேண்டாம். துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் வைப்பது சர்க்கரை உள்ளவருக்கு நல்ல தொடக்கம். அப்புறம் வரும் சர்க்கரைப் பொங்கலில்தான் அளவு தேவை.

ஆறு நாள் விஷயம் வேறு. தண்ணீர் மட்டும், மிளகும் தண்ணீரும் மட்டும், இளநீர் மட்டும் என்று பல வகையில் இருக்கிறார்கள். திருச்செந்தூரில் கோயிலிலேயே தங்கி விரதம் இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஐந்து நாளுக்கு மேல் உணவு இல்லாதவரை, மீண்டும் சாப்பிடும்போது ஆபத்து ஏற்படக்கூடியவர் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் கணக்கில் எடுக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர் ஆறு நாள் வெறும் தண்ணீரில் இருப்பதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். நாளுக்கு ஒரு வேளை மட்டும் உணவு எடுத்து ஆறு நாளும் இருக்கும் வழக்கமும் காலகாலமாக இருப்பதுதான். முருகனிடம் வைக்கும் அன்பு அதில் குறைந்துபோவதில்லை.

பால் பழ விரதம் என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. ஜவ்வரிசி முழுக்க மாவுதான். நாள் முழுவதும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் உடலைப் பொறுத்தவரை அது பட்டினியே இல்லை. சுகர் ஏறத்தான் செய்யும். மோர், வேகவைத்த சுண்டல், ஒரு கொய்யா என்று மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று நாள் தண்ணீர்ப் பட்டினி சர்க்கரை நோயைக் குணமாக்குமா?

மூன்று நாளில் மீட்டர் எண் இறங்கும். அதில் ஆச்சரியம் இல்லை. 1870-ல் பாரிஸ் நகரம் முற்றுகையில் பசியால் வாடியபோதே தன் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை புஷார்தா என்ற மருத்துவர் கவனித்தார். இன்சுலின் வருவதற்கு முன், நியூயார்க்கில் ஃபிரெடரிக் ஆலன் நோயாளிகளைச் சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை பட்டினி போட்டார். அதில் இளைத்து, 14 வயதில் முப்பது கிலோகூட இல்லாமல் டொரண்டோ மருத்துவமனைக்கு வந்த லியோனார்ட் தாம்சன்தான் 1922 ஜனவரியில் உலகில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவன். எண்ணை இறக்குவதும் நோயைச் சரி செய்வதும் ஒன்றில்லை என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

ஆனால் நம்பிக்கை தரும் செய்தி உண்மையிலேயே இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு, நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தரும் சூப்பும் ஷேக்கும் மட்டும் மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தினார்கள். 2017-ல் வெளிவந்த முடிவில், ஓராண்டு கழித்து 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோயின் அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் ஆண்டு மொத்த எண்ணிக்கை 36 சதவீதமாக இறங்கியது. கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்ததுதான் வேலை செய்தது. அது கரையக் கிலோக்கணக்கில் எடை குறைய வேண்டும். மூன்று நாள் பட்டினியில் குறையும் எடையில் பெரும்பங்கு தண்ணீர்.

2018-ல் டொரண்டோவில் மூன்று ஆண்கள் பட்டினி மூலம் இன்சுலினை நிறுத்தினார்கள் என்ற அறிக்கையைத்தான் காணொளிகள் அதிகம் சொல்கின்றன. மூன்றே பேர். அவர்கள் இருந்தது வாரத்தில் சில நாட்கள் 24 மணி நேரப் பட்டினி, மாதக்கணக்கில், மருத்துவர் மருந்தைக் குறைத்துக்கொண்டே வர. அதே 2018-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் 137 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், வாரம் இரண்டு நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் தினமும் அளவாகச் சாப்பிட்டவர்களுக்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஏ1சி) ஒரே அளவில்தான் குறைந்தது. எது உங்களுக்குத் தொடர்ந்து முடிகிறதோ அதைச் செய்யுங்கள் என்றே நான் சொல்வேன்.

ஒருவர் 382 நாள் சாப்பிடாமல் இருந்தாராமே?

உண்மை. ஸ்காட்லாந்தின் டண்டீ மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஆங்கஸ் பார்பியரி, 1965-66-ல். எடை 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. வைட்டமினும் தேவைப்பட்டபோது பொட்டாசியமும் கொடுத்து, மருத்துவர்கள் தொடர்ந்து ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலகட்டத்தில் இதேபோன்ற சிகிச்சைப் பட்டினிகளில் இறப்புகளும் நடந்தன, அதனால்தான் அந்த முறை கைவிடப்பட்டது. காணொளிகளில் முதல் பாதி மட்டும் வரும்.

பட்டினியால் செல்கள் தங்களைத் தாங்களே சுத்தம் செய்யும் என்பதற்கு நோபல் பரிசு கொடுத்தார்களே?

2016-ல் யோஷினோரி ஓசுமிக்குக் கொடுத்தது ஆட்டோஃபேஜி என்ற அந்தச் செயல்முறை எப்படி நடக்கிறது என்பதைக் கண்டறிந்ததற்கு. அவர் வேலை செய்தது ஈஸ்ட்டில். சர்க்கரை நோயாளி 72 மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும் என்பதற்கான பரிசு அது இல்லை.

பட்டினியை எப்படி முடிப்பது?

ஒரு நாள் பட்டினி என்றால் வழக்கமான உணவை அரை அளவில் தொடங்கினால் போதும். புரதமும் காய்கறியும் முதலில், சோறு பிறகு. முதல் வேளைக்குப் பின் சுகர் எதிர்பாராமல் எகிறலாம். சில நாள் மாவுச்சத்து இல்லாமல் இருந்த உடல் அதைச் சமாளிக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கும். நோய் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஓரிரு நாளில் அடங்கும்.

ஐந்து நாள், அதற்கு மேல் போனவர்களுக்கு முடிக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்த போர்க்கைதிகள் விடுதலையாகி வயிறாரச் சாப்பிட்டதும் இறந்தார்கள். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சட்டென்று ஏறி, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் செல்களுக்குள் தள்ளிவிடும். இதயத் துடிப்பு தடுமாறும். வீட்டில் இதைக் கண்டுபிடிக்க வழி இல்லை, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அப்படி நீண்ட நாள் இருந்துவிட்டவர் சோற்றில் உட்காருவதற்கு முன் மருத்துவமனைக்குப் போகட்டும்.

யார் நீண்ட பட்டினியை நினைக்கவே கூடாது?

சிறுநீரகப் பழுது உள்ளவர்கள், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், சுகர் இறங்குவதை உணர முடியாதவர்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள், ஏற்கெனவே மெலிந்து தசை குறைந்தவர்கள். கால் புண் ஆறிக்கொண்டிருப்பவர்களும். புண் ஆறப் புரதம் வேண்டும். விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் கண் மருத்துவரையும் கேட்க வேண்டும், சுகர் மிக வேகமாக இறங்கும்போது அது தற்காலிகமாக மோசமாகக்கூடும். யூரிக் அமிலத்தால் கீல்வாதத் தொல்லை உள்ளவர்களுக்குப் பட்டினியில் வலி திரும்பலாம்.

மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார். சொல்லாமல் இருந்து பார்க்கலாமா?

சொல்லாமல் இருப்பவர்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவது 2021 முதல் பலருக்குப் பெரிய உதவி. ஆனால் வீட்டுக்கு வந்த மாத்திரையைப் பட்டினி நாளிலும் அப்படியே போடுவது பழகிவிடுகிறது. வரும் செவிலியரிடம் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போங்கள். "விரதம் இருக்கட்டுமா" என்று கேட்டால் "வேண்டாம்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரலாம். "இந்தத் தேதியில் இத்தனை மணி நேரம் இருக்கப் போகிறேன், எந்த மாத்திரையை எப்போது போட, எதை நிறுத்த?" என்று கேளுங்கள். கையில் மருந்து அட்டைகளும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையின் கடைசி முடிவும் இருக்கட்டும்.

பட்டினிக்குப் பிறகு ஏ1சி எப்போது பார்க்க வேண்டும்?

மூன்று மாதம் கழித்து. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள், அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. அடுத்த வாரமே பார்த்தால் பழைய கணக்குதான் வரும். எல்லா மாத்திரையும் நிறுத்தி மூன்று மாதத்துக்குப் பிறகும் 6.5-க்குக் கீழே இருந்தால்தான் நோய் தணிந்த நிலை என்று 2021-ல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து வரையறுத்தன. அப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை கண், சிறுநீரகம், கால் பரிசோதனைகள் தொடர வேண்டும். இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், அதே நாளில் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.